காய்ச்சல் வராதவள்

எங்கள் அத்தா அலாவுதீனுக்கு விருதுநகரில் பருப்பு வியாபாரம். மூட்டையைப் பிரிக்காமலே குத்தூசியை உள்ளே விட்டு உருவி, அதன் பள்ளத்தில் வருகிற பயறைப் பார்த்தே லாரி முழுவதற்கும் விலை சொல்லிவிடுவார். லேப் டெக்னீசியனுக்குப் படித்து உருப்படப் போகிறேன் என்று கிளம்பிய நான் கடைசியில் செய்வதும் அதே வேலைதான். மூட்டைக்குப் பதில் மனிதர்கள், அவ்வளவுதான். கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்ததும், ஒரு இருமல்கூட இல்லாமல் எத்தனை பேருக்கு அது வந்து போயிருக்கும் என்று மதிப்பிட, ஊருக்குக் கொஞ்சம் பேரைக் குலுக்கலில் எடுத்து ரத்தத்தைச் சோதித்தோம். அத்தாவுக்கு இருந்த வசதி எனக்கில்லை. பயறு கேள்வி கேட்காது.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர். கையை நீட்டச் சொன்னால் வேலியைத் தாண்டி ஓடுகிற ஊர். குலுக்கலில் பெயர் விழுந்தவர்களில் முருகம்மாள் மட்டும் தானாக வந்து பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தார். அலுமினியப் பொடி ஏறி வெள்ளியாய் மின்னிய கையில் நான் நரம்பைத் தேடித் தடவிக்கொண்டே இருந்தேன்.

"எங்க கம்பெனியில ஒங்களத் திரி சொருகக்கூட விட மாட்டாக தம்பி" என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னவர், ரத்தம் குழாயில் ஏறும்போது மற்றதையும் சொன்னார். புருஷன் சங்கையா பல வருஷங்களுக்கு முன் ஒரு வெடிவிபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து கட்டிலோடு கிடந்தவர். இந்தக் கோடையில் கொரோனாவில் போய்விட்டார். அவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது இரண்டே பேர். பட்டாசுக் கம்பெனிக்குப் போய் வந்த முருகம்மாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டிய தம்பி ஊர்க்காவலன், லோடு வண்டி டிரைவர். இருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. எரித்துவிட்டு வந்த அன்று, கொண்டுவந்து கொடுத்தது மதினிதான் என்று ஊர்க்காவலன் தெருவில் நின்று சொன்னார். முருகம்மாளின் ஒரே மகள் அழகுமீனா அதை நம்பிச் சித்தப்பா வீட்டோடு போய்விட்டாள். அம்மாவிடம் பேச்சு இல்லை. ரத்தத்தில் இல்லை என்று வரட்டும், மீனாவை நானே கொண்டுவந்து விடுகிறேன் என்பது ஊர்க்காவலன் கடைசியாகச் சொல்லியனுப்பியது.

முருகம்மாள் துக்கத்தில் கிடந்ததால் தடுப்பூசியும் போட்டிருக்கவில்லை. ஆகவே ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் இருந்தால் அது நோய் வந்து போனதன் தடயம்தான். இதை நான் விளக்கியபோது அவர் கவலைப்படவே இல்லை.

"இந்தக் கந்தக வாடைக்கு எந்தக் கிருமி கிட்ட வரும்?" என்றார்.

பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் வீடு திரும்பியதும் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவார்கள். அந்தக் கோடையில் பாதித் தெரு குளிக்கவில்லையாம். வெடிமருந்து வாடை காவல் என்று ஒரு பேச்சு. முருகம்மாளும் வந்த கோலத்திலேயே கட்டிலருகே உட்கார்ந்து, அந்தக் கையாலேயே புருஷன் முகத்தைத் துடைத்திருக்கிறார்.

முடிவைக் கேட்க அவர் விருதுநகரில் எங்கள் லேபுக்கு பஸ் ஏறி வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். நான் கண்ணாடி முன்னால் ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். வேடிக்கையாக ஆரம்பிப்பது, மெல்ல விஷயத்துக்கு வருவது என்று. வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "இருக்குக்கா" என்றேன்.

பிறகு பேசிக்கொண்டே போனேன். உங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வந்திருக்கிறது, பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை, எத்தனை பேர் என்று சொல்லத்தான் இந்தச் சோதனை, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இது சொல்லாது, உங்கள் வீட்டுக்காரரிடமிருந்துகூட உங்களுக்கு வந்திருக்கலாம்.

"அவுக எங்கன தம்பி போனாக, கட்டில விட்டு?"

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு நாளு காய்ச்சலு வந்திருந்தா நான் தள்ளிப் படுத்திருப்பேன்ல. பாதி ஊருக்கு வந்துச்சுங்கிறீக. அந்தப் பாதி ஊரு வீட்டுலயும் ஆளு உசுரோட இருக்கே."

அவர் போனை எடுத்து ஊர்க்காவலனை அழைத்தார். காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டு எதிரே பிடித்துக்கொண்டார்.

"கொழுந்தனாரே, இல்லைன்னு வந்துருச்சு."

நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் வண்டி ஓரங்கட்டப்படும் சத்தம். பிறகு இன்ஜின் நின்றது.

"மெய்யாவா மதினி?"

"ஆமா. மீனாவக் கூட்டிட்டு வாங்க."

லைன் போய்விட்டதோ என்று நானே போனை எட்டிப் பார்த்தேன். போகவில்லை. பெரிய ஆண் ஒருவர் அழுகையை அடக்கினால் வருகிற மூச்சு மட்டும் கேட்டது.

"அப்ப நாந்தானா மதினி? ஞாயித்துக்கிழம நாந்தான தூக்குனேன். கழுத்தக் கட்டிக்கிட்டு அண்ணன் எம்மேலேயே சாஞ்சுகிட்டுக் கெடக்குமே."

யார் என்று சொல்ல முடியாது என்பதை இந்த மனிதரிடமும் சொல்லலாம் என்று நான் போனை நோக்கிக் குனிந்தேன். இன்னொரு கையால் முருகம்மாள் என்னைத் தடுத்துவிட்டார்.

"இல்ல கொழுந்தனாரே. சும்மா சொன்னேன். எனக்குத்தான் இருக்கு. இங்கன தம்பி முன்னாடிதான் இருக்கேன், அவரே சொன்னாரு. நீங்க அழுகாதீக. வண்டியப் பாத்து ஓட்டுங்க."

"மீனா அங்கனயே இருக்கட்டும்" என்றும் சொல்லிவிட்டு முருகம்மாள் போனை வைத்தார். சிவகாசி பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டார். நான் காட்டினேன்.