மேல்பூச்சு

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் அம்மா படத்தின் மேலிருந்த துணியை விலக்கினார்.

"பாருங்க கேப்டன். குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கா இல்லையா?"

தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவரை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். படகில் கால் வைத்தாலே அவருக்குக் குமட்டும். ஆனால் வீட்டுச் சுவரெல்லாம் கப்பல். அத்தனையும் பழைய பாய்மரச் சரக்குக் கப்பல்கள். துறைமுகத்து ஓவியர்கள் கப்பல் தலைவர்களுக்கு வரைந்து கொடுத்தவை. கப்பல் கைமாறினால் புது முதலாளி படத்திலும் கொடியை மாற்றச் சொல்வான், பெயரை மறைத்து வேறு எழுதச் சொல்வான். அந்த மேல்பூச்சு கேப்டனுக்கு ஆகவே ஆகாது. முதலில் வரைந்தவனின் கை மட்டும்தான் இருக்க வேண்டும்.

அழுக்கு போய் வானம் வெளுத்திருந்தது. பாய்மரக் கயிறுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவர் கண் நேராகப் பின்தளத்துக்குப் போயிற்று. சுக்கானுக்குப் பக்கத்தில் வெறும் பலகை.

"இங்க ஒரு ஆள் இருந்துதே."

"அதுவா? ஏதோ வாண்டு கிறுக்கி வச்சிருந்தது. சிவப்புச் சட்டை, உடம்பை விடப் பெரிய தலை. பள்ளிக்கூடப் பெயின்ட்டுதான், பஞ்சு வச்சதும் கையோட வந்துடுச்சு. அடியில ஒரு கீறல் இல்ல."

அவர் குனிந்து அந்தப் பலகையை உற்றுப் பார்த்தார்.

"நீங்க எழுதிக் கொடுத்தபடிதான் செஞ்சேன்" என்று சீட்டை எடுத்துக் காட்டினார் அந்த அம்மா. ஒவ்வொரு படத்தோடும் இருபது வருடமாகக் கேப்டன் கொடுக்கும் அதே வரி, அவர் கையெழுத்தில்: பின்னால் பூசியது எதுவானாலும் எடுத்துவிடவும். பழக்கத்தில் கை எழுதிவிட்டிருந்தது.

ஸ்டூல் போட்டு ஏறி மகள் அதை வரைந்தபோது அவளுக்கு ஆறு வயது. "கப்பல்ல யாருமே இல்லப்பா, பாவம். அதான் நான் ஏறிக்கிட்டேன்" என்றாள். முதுகில் ஒன்று வைத்தார். மூன்று நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. பதினான்கு வருடமாகிறது. படத்தைக் கூடத்திலிருந்து கழற்றித் தன் கட்டிலுக்கு எதிரே மாட்டிக்கொண்டது அவர் மனைவி. தெருப் புகை படிந்து அந்தச் சின்ன உருவம் மங்கிக்கொண்டே வந்தது. "புள்ள முகமே தெரியலங்க, குடுத்து சுத்தம் பண்ணிட்டு வாங்களேன்" என்று ஒரு மாதமாக நச்சரித்ததும் அவள்தான்.

"துடைச்ச பஞ்சு இருக்கா?"

"நேத்தே குப்பை வண்டியில போயிடுச்சே. ஏன் கேப்டன்? வேலை நல்லா வரலையா?"

"நல்லா வந்திருக்கு. ரொம்ப நல்லா."

அது உண்மைதான்.

பேருந்து நிறுத்தத்தில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பேருந்துகள் வந்து நின்று போயின. மூன்றாவதில் ஏறினார். வழியெல்லாம் ஒரு வாக்கியம் கட்டிப் பார்த்தார். முதல் சொல்லைத் தாண்டி அது போகவில்லை.

கதவைத் தட்டும் முன்பே மனைவி திறந்தாள். சுவரைத் துடைத்து வைத்திருந்தாள். அவரை நெருங்கவிடாமல் தானே பிரித்து, தானே மாட்டி, பின்னால் நகர்ந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அடேயப்பா, கடல் இவ்வளவு நீலமா? இத்தனை வருஷமா ஏதோ சேத்துல சிக்கின கப்பல்னுல்ல நெனச்சேன்!"

வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அறையில் அவள் சிரித்து அவர் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. அவர் அறை வாசற்படியிலேயே நின்றார், செருப்பைக் கழற்றவில்லை.

அவள் தலையணைக்கடியில் துழாவினாள்.

"கண்ணாடியை எங்க வச்சேன்னு தெரியல. நீங்களே வந்து விரல் வச்சுக் காட்டுங்க, எந்தப் பக்கம் நிக்கறா?"