சுவரொட்டியில் ரபாப்காரர்

சனிக்கிழமை நிகழ்ச்சி. வியாழக்கிழமை பின்னேரம் அக்தர் வந்து, சுவரொட்டியிலிருந்து தன் பெயரையும் படத்தையும் எடுக்கச் சொல்கிறார். எனக்கு எப்படி இருக்கும்?

ஜெர்மனியில், இந்த எசன் நகரில், எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அயல் சமூகம் ஒன்றோடு சேர்ந்து செய்தால்தான் இந்த வருடம் மண்டபம் என்று நகரசபையில் சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்தர் பெஷாவர்க்காரர், ட்ராம் ஓட்டுகிறார். ரபாப் என்ற அவர்களுடைய நரம்பு வாத்தியத்தை அவர் மீட்டினால், சுவருக்கு இந்தப் பக்கம் நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பேன். அப்படித்தான் 'பெஷாவர் மாலை' என்று அறிவித்தோம். அவரை விட்டால் அந்த மாலையில் ஒன்றுமே இல்லை.

“அம்மா, நூறு போஸ்டரும் ஒட்டியாச்சு. இனி மாத்த ஏலாது,” என்றாள் மகள் சாரங்கா. வடிவமைத்தவள் அவள்தான்.

அக்தர் தேநீரைத் தொடவில்லை. அவருடைய மகனுக்குப் பெஷாவரில் பெண் பேசுகிறார்களாம். பெண் வீட்டார் சுவரொட்டியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, வாத்தியக்காரன் குடும்பமா என்று கேட்டார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்குப் பொது மொழி ஜெர்மன். அதில் கோபப்படுவது சுலபம்.

“உங்கள் ஊரில் கதைசொல்லிகளுக்கென்றே ஒரு கடைத்தெரு இருந்தது என்றீர்கள். ஆண்கள் கூடும் விருந்தறையில் ரபாப் இல்லாமல் விருந்தே இல்லை என்றீர்கள்!”

“கோபப்படாதீர்கள், குணேஸ்வரி. இப்போதும் அப்படித்தான். எல்லோரும் கேட்பார்கள். வாசிக்கிறவன் வீட்டுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். நான் ஆசைக்கு வாசிக்கிறவன், தொழிலுக்கு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.”

“இது என்ன, பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழனா? இசை வேண்டும், இசைக்காரன் வேண்டாமா? அவர்களுக்கு வெட்கமாக இல்லையா?”

சாரங்கா மடிக்கணினியை மூடினாள். அவளும் ஜெர்மனில்தான் கேட்டாள், அக்தருக்கும் விளங்கட்டும் என்று.

“எங்கள் கோவிலில் தவில் வாசிக்கிற கார்த்திகனுக்கு என்னைக் கேட்டு வந்தார்களே, அம்மா. எனக்கும் விருப்பம் என்றேன். சாதகத்தைப் பிரிக்காமலே ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள்?”

கார்த்திகன் தவிலைத் தொட்டால் திருவிழாவில் முன்வரிசையில் நிற்பது நான்தான். அது எசன் முழுக்கத் தெரியும்.

“அது வேறை, பிள்ளை,” என்றேன் தமிழில்.

அக்தருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், “பெண்ணின் தாயும் என் மனைவியிடம் இதே குரலில்தான் சொன்னார்,” என்றார்.