கத்தரிப்பு வாரம்

"ஆட்டு ரோமம் கத்தரிப்பு வாரத்துல வீட்டுல பொம்பள இல்லேன்னா ஊரே கை கொட்டிச் சிரிக்கும், நரேல். எங்கம்மா என்னைப் பெத்த நாலாம் நாளே ஆளுங்களுக்கு டீ போட்டாங்க."

கிளென் இதைச் சொன்னபோது அவன் மனைவி கையில் பையோடு வாசலில் நின்றிருந்தாள். கால்நடை நர்சிங் பட்டத்துக்கு வீட்டிலிருந்தே படிக்கிறவள். பரீட்சையெல்லாம் எழுதியாயிற்று. பல்கலைக்கழக மிருக ஆஸ்பத்திரியில் ஒரு வாரப் பயிற்சிதான் பாக்கி. அது இன்றைக்குத் தொடங்குகிறது. போன வருஷமும் கத்தரிப்பு என்று போகவில்லை. இந்தத் தடவையும் போகாவிட்டால் பெயரையே அடித்துவிடுவார்கள்.

"சமையலுக்கு ஆள் வெச்சுக்கலாம்னு சொன்னேனே."

"கூலிக்காரி கையால சோறு போட்டா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? நாய்க்கு நகம் வெட்டப் பட்டம் வேணுமாக்கும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷமும் ஆட்டுக்கு ரோமம் முளைக்கும், கிளென்."

அவன் சிரித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனான்.

அந்தப் பக்கத்து ஆட்டுப் பண்ணைகளில் இது எழுதாத சட்டம். ரோமம் கத்தரிக்க வரும் ஆட்களுக்கு வீட்டுக்காரிதான் பொங்கிப் போட வேண்டும். அவள் கேக் சரியில்லை என்றால் அடுத்த பண்ணையில் அதே பேச்சாக இருக்கும். இந்த வாய்களுக்குப் பயந்தே எத்தனையோ பெண்களின் வாழ்க்கை அடுப்படியில் கழிந்துவிட்டது. நரேலும் பையை வைத்துவிட்டு மாவைப் பிசைந்தாள்.

முதல் கேக் தட்டை அடுப்பில் வைத்திருப்பாள். கிளென் தன் ஆட்டு நாய் மூஸைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"பழுப்புப் பாம்பு, கொடிய விஷம். முன்னங்கால்ல கடிச்சிருச்சு. ஏதாவது பண்ணு, நரேல்."

அவள் காலை இறுக்கிக் கட்டி, அசையவிடாமல் மடியில் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, விஷமுறிவு மருந்தைத் தயாராக வைக்கச் சொன்னாள். கிளென் வண்டியைக் கிளப்பியபடி கொட்டகையைப் பார்த்துக் கத்தினான்: "இன்னைக்கு வேலை போதும். பெட்டியில கடை ரொட்டி இருக்கு, எடுத்துச் சாப்பிட்டுக்குங்க."

ஆட்கள் சரியென்று தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. நாய்க்கு ஆபத்து என்றதும் எல்லோருக்கும் நியாயம் புரிந்துவிட்டது.

அவள் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டிய அதே ஆஸ்பத்திரி. நாயை உள்ளே கொண்டுபோய் மருந்தை ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்ளும், சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். பயிற்சிக்குப் பொறுப்பான புரூ, போனில் சொன்ன பெயரை வைத்து நரேலை அடையாளம் கண்டுகொண்டாள்.

"காலையில உங்க பேரைக் கூப்பிட்டேன். பதிலே இல்லை, பேரை அடிச்சிடலாம்னு இருந்தேன். வர்றதா இருந்தா இப்பவே கையைக் கழுவிட்டு உள்ளே வாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்கேயும் போக முடியாது."

கிளென் சாவியை எடுத்தான். "வா, ராத்திரிச் சாப்பாடு ஆகணும்."

"நான் வரல. வெள்ளிக்கிழமைதான் வருவேன்."

அவளிடம் மாற்றுத் துணிகூட இல்லை. கிளெனின் முகம் கறுத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மூஸைப் பார்த்தான். மெல்ல முகம் தெளிந்தது.

"அதுவும் சரிதான். தனியா விட்டா அவன் பயந்துக்குவான். நீ கூடவே இரு. சாப்பாட்டை நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன். கேட்டா, மூஸுக்குத் துணையா இருக்காள்னு சொல்லிடறேன். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

வருஷக்கணக்காகக் கெஞ்சியும் நரேலுக்குக் கிடைக்காத ஒரு வாரம், நாய்க்குக் கேட்காமலே கிடைத்துவிட்டது.

"இல்ல கிளென். படிக்கிறதுக்கு இருக்காள்னு சொல்லு."

"எதுக்கு வம்பு? நாய்னு சொன்னா அவங்களுக்குப் புரியும்."

"புரியாட்டிப் போகட்டும். நீ படிப்புன்னே சொல்லு."

சொல்லிவிட்டு, அவன் பதிலுக்கு நிற்காமல், கை கழுவ உள்ளே போனாள்.