விமானத்தில் ஒரு ரிவிட் குறை

பரவைக் கண்மாயில் விழுந்த யுத்த விமானத்தின் இன்ஜின் மூன்று வருஷம் தண்ணீருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. விழுந்தது நாற்பத்து மூன்றில், அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால். லாரியில் சிப்பாய்கள் வந்து தெப்பம் கட்டிப் போய்ப் பார்த்தார்கள். ஓட்டியவனைக் காணோம். ஆசனத்தில் பெல்ட் மட்டும், ஆள் உட்கார்ந்திருப்பது மாதிரி பூட்டியபடி இருந்தது. கரைக்கு இழுத்தால் கயிறுதான் அறுந்தது. பர்மா பக்கம் இதைவிட அவசர வேலை இருந்ததால் விட்டுவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்களுக்கு முதலில் பயம், அப்புறம் பழகிவிட்டது. கண்மாய்த் தண்ணீர் மார்கழியிலும் வெதுவெதுப்பாக இருந்ததால் விளாங்குடியிலிருந்தெல்லாம் குளிக்க வந்தார்கள். மீனில் மட்டும் பெட்ரோல் வாடை. பஸ்களே கரியை எரித்துக்கொண்டு ஓடிய காலம் அது. அந்த இன்ஜினுக்கு மட்டும் எங்கிருந்து பெட்ரோல் கிடைத்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் மதுரை வக்கீல் சாம்பசிவம் விளாங்குடியில் ஒரு யுத்தக் காட்சிசாலை திறந்தார். வக்கீல் தொழிலில் சோபிக்காதவர். ஆனால் ஆசைக்குக் குறைவில்லை. இரும்புத் தொப்பியையும் குண்டுச் சில்லையும் பார்க்க ஜனம் வரவில்லை. ஆகவே தேர் இழுக்கிற ஆட்களைத் திரட்டி, தேர் வடத்தையே கட்டி, கண்மாயிலிருந்து விமானத்தை இழுத்துவிட்டார். கரையேறிய நிமிஷம் இன்ஜின் நின்றது. மூன்று வருஷமாக அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பரவைக் குழந்தைகள் விடிய விடிய அழுதன.

விமானத்தைப் பழையபடி ஆக்கித் தர ஆரப்பாளையத்தில் பஸ் பாடி கட்டும் காசிமாயனைப் பிடித்தார் வக்கீல். காசிமாயன் அதுவரை விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறான். இருந்தாலும், முடியாது என்று சொல்கிற வாய் அவனுக்கு இல்லை. தம்பி விருமாண்டியைக் கூட்டிக்கொண்டு, விமானம் கிடந்த விளாங்குடிக் கொட்டகையிலேயே குடியேறிவிட்டான். காலராவில் அப்பனும் ஆத்தாளும் போனபோது விருமாண்டி இடுப்புப் பிள்ளை. அவனைத் தூக்கிக்கொண்டே பட்டறைக்குப் போய்த் தொழில் பழகியவன் காசிமாயன். கல்யாணமான பிறகும், பெண்டாட்டி ஒச்சாயியைவிடத் தம்பியிடம்தான் அதிகம் பேசினான். ஒச்சாயிக்கு அதில் வருத்தம் உண்டு, சொல்லிக்காட்டுவதும் உண்டு.

வேலை நடக்க நடக்க விமானத்தின் கனம் குறைந்தது. உடைசலாகக் கிடந்தபோது தேர்க்கூட்டம் இழுத்த பாரம் அது. இறக்கையை நிமிர்த்தியபோது நாலு பேர் தள்ளினால் நகர்ந்தது. வால் தகட்டை அடித்து முடித்ததும் ஒற்றைக் கையால் நகர்த்த முடிந்தது. அப்புறம் காற்றடித்தால் சக்கரம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது. தாம்புக் கயிற்றால் முளைக்குச்சியில் கட்டினார்கள், முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டது. மணல் மூட்டையை ஆசனத்தில் வைத்தார்கள், மறுநாள் மூட்டைக்குள் மணல் உமியாகக் கிடந்தது. ஆள் உட்கார்ந்தால் மட்டும் அடங்கி நின்றது. ஒல்லிப்பிச்சானாக இருந்த விருமாண்டிக்குத்தான் அந்த ஆசனம் பொருந்தியது. காசிமாயன் தகட்டோடு தகடு சேர ரிவிட் ஆணி அடிப்பான், விருமாண்டி பெல்ட்டை மாட்டிக்கொண்டு கதை பேசிக்கொண்டிருப்பான். உட்கார்ந்தே சம்பாதிக்கிற ஒரே ஆள் என்று அவனைக் கேலி செய்தார்கள்.

ஒச்சாயிதான் முதலில் கண்டுபிடித்தாள். சோறு கொண்டுவந்த இடத்தில், ஈர மண்ணில் புருஷனுடைய காலடி பதிந்திருந்தது, கொழுந்தனுடையது பதியவில்லை. அவன் கயிற்றுக் கட்டிலில் படுத்தால் கயிறு தொய்யவில்லை. "இந்தாய்யா, ஒன் தம்பிய அது உறிஞ்சுது. இம்புட்டுச் சோறு திங்கிற பய கோழி றெக்க மாதிரி கெடக்கான். வேலைய விட்டுட்டு வா, ஊரு போயிச் சேருவம்" என்றாள். விருமாண்டி சிரித்தான். "சும்மா இருங்க மதினி, நடக்கச் சொகமா இருக்கு" என்றான். காசிமாயனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. எந்த பஸ்ஸானாலும் ஒரு ரிவிட்டை அடிக்காமல் ஓட்டையாக விட்டுவிடுவான். முழுசாக முடிந்த சாமான்மேல் கண் விழும் என்பது தொழில் நம்பிக்கை. அது நினைவுக்கு வரவும், இடது இறக்கையின் ஓரத்தில் ஒரு ரிவிட்டைப் பிடுங்கினான். விமானம் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. வெளியே போன விருமாண்டியின் காலடி மண்ணில் பதிந்தது. காசிமாயன் அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து அழுதுவிட்டான். அன்றிலிருந்து ஆசனத்தில் யாரும் உட்கார வேண்டியிருக்கவில்லை. அந்த ஓட்டை இருக்கிறவரை விமானமும் தம்பியும் தரையில் இருப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. தம்பி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். பழைய கனம் இன்னும் வரவில்லை.

திறப்பு விழாவுக்கு விமானப்படையிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். பந்தலில் பரவைச் சந்தை மொத்தமும் கூடியிருந்தது. அதிகாரி இறக்கையைத் தடவிக்கொண்டே வந்தவர், ஓட்டையில் விரலை விட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். "பஸ்ஸுக்காரன் வேலை பஸ்ஸுக்காரன் வேலைதான்ங்கிறார்" என்று சாம்பசிவம் தமிழில் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஜனம் சிரித்தது. அந்தச் சிரிப்பை மட்டும் காசிமாயனால் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தான். விருமாண்டி பந்தலின் கடைசியில் பானக்கம் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆசனம் காலி. துரை போனதும் பிடுங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு, மடியிலிருந்த ரிவிட்டை எடுத்து வைத்துச் சுத்தியலால் அடித்தான்.

ரிவிட் உட்கார்ந்ததும் சக்கரம் புல்லைவிட்டு எழும்பியது. விழாவில் இதுவும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து ஜனம் கைதட்டியது. விருமாண்டி பானக்கக் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "விடுண்ணே, நான் உக்காந்துக்கிறேன்" என்று கத்திக்கொண்டே தொற்றி ஏறினான். காசிமாயன் "ஏறாதடா" என்றது அவன் காதில் விழவில்லை. பழக்கப்பட்ட கை பெல்ட்டை மாட்டிவிட்டது. அவனிடம் மிச்சமிருந்த கனம் போதவில்லை, விமானம் அடங்கவில்லை. காசிமாயன் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கினான். ஒச்சாயி அவன் காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் கனத்தில் அவன் பிடி நழுவியது, விமானம் இறங்கவில்லை. இன்ஜின் சத்தமே இல்லாமல், பந்தல் கீற்றைக் கிழித்துக்கொண்டு, பனை உயரம் தாண்டிப் போய் விளாங்குடிக்கு மேலே நின்றது.

அங்கேயேதான் நிற்கிறது. அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். எழுதிய மறுவருஷம் மேலிடமே கப்பலேறிவிட்டது. சாம்பசிவம் டிக்கெட்டை நிறுத்தவில்லை, வாசல் பலகையில் 'அண்ணாந்து பார்க்கவும்' என்று சேர்த்துக்கொண்டார். அதன் நிழல் விழுகிற வயலில் நெல் பால் பிடிப்பதில்லை. எந்த வீட்டு முற்றத்தில் நிழல் வருகிறதோ, அந்த வீட்டில் தொட்டிலை உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்.

முதல் ஆண்டு காசிமாயன் செய்யாத வேலையில்லை. மூங்கிலை மூங்கிலோடு கட்டி ஏணி செய்தான். பட்டத்து நூலில் ஒச்சாயி சோற்றுப் பொட்டலம் கட்டி விட்டாள். எதுவும் எட்டவில்லை, விமானமும் வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அவன் ஒன்றே ஒன்று செய்தான். தினமும் உச்சிவேளையில் வெட்டவெளியில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "சாப்ட்டியாடா?" என்று கேட்பான். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து பதில் வரும். "சாப்ட்டேண்ணே."

அதைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்து இலை போடச் சொல்வான். ஒருநாள் ஒச்சாயி பொறுக்கமாட்டாமல், "அங்கன அவனுக்கு யாருய்யா சோறு போடுறது?" என்றாள். காசிமாயன் தலைநிமிரவில்லை. "போடுறாகள்ல, விடு" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.