ஈரச் சுவரில் பூசிய வெள்ளை

ஜூலை பதினொன்று, சனிக்கிழமை. மழையும் இல்லை, காற்றும் இல்லை. கொடியில் கிடந்த துணிகள் முந்தைய நாளின் ஈரத்தோடே தொங்கின.

குளியலறைச் சுவரில் படர்ந்திருந்த கரும்பூஞ்சையே மகளின் இளைப்புக்குக் காரணம் என்று மருத்துவர் கூறியிருந்தார். அது ஒழியாவிடில், மழைக்காலம் முடியும்வரை குழந்தையை வேறு தெருவிலுள்ள தன் மேல்மாடி வீட்டில் வைத்துக்கொள்வதாக அத்தை, அதாவது தந்தையின் அக்கா, உறுதியாகச் சொல்லிவிட்டாள். அன்று மாலை அவள் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

தந்தை காலையிலேயே பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தார். கரும்புள்ளிகள் மங்கின, மறையவில்லை. சுவர் உலரும்வரை பொறுக்க மாட்டாமல் அவற்றின்மேல் வெள்ளைப் பெயிண்டைப் பூசினார். ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். மேசை விசிறியைச் சுவருக்கு நேரே நிறுத்தினார். உட்கார்ந்த சூடு ஆறுமுன் எழுந்து சென்று தொட்டுப் பார்த்தார். விரல் பதிந்த இடத்தில் மீண்டும் பூசினார்.

"அது என்ன காய்ச்சக்காரன் நெத்தியா, தொட்டுத் தொட்டுப் பாக்க?" என்றாள் தாய். "இந்த நெடி புள்ளைக்கு ஆகாதுங்க."

"அக்கா வர்றதுக்குள்ள காயணும். நீ வேற நச்சரிக்காத."

அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேரே குளியலறை வாசலுக்குச் சென்று எட்டிப் பார்த்தாள்.

"பரவால்லடா தம்பி. வீட்டு வேலையெல்லாம் உனக்கு வருதே! சரி, அவ இங்கயே இருக்கட்டும்."

தந்தையின் தோள்கள் தளர்ந்தன. அவ்வேளையில் கைகழுவச் சென்ற மகள் இருமியபடி வெளியே வந்தாள். இருமல் அடங்கவில்லை, மூச்சு விசிலடித்தது. தாய் ஓடிச்சென்று இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தாள்.

"என்னைப் பாத்த சந்தோஷத்துல குதிச்சா, அதான் மூச்சு வாங்குது," என்றாள் அத்தை.

ஆம் என்று தலையசைத்தால் போதும். தந்தை கூடத்தின் இக்கோடிக்கும் அக்கோடிக்கும் நடந்தார், நின்றார்.

"குதிச்சதால இல்லக்கா. பூஞ்சை அப்படியே உள்ள இருக்கு. ஈரத்து மேலயே பூசிட்டேன். நீ கூட்டிட்டுப் போ."

தாய் குழந்தையின் உடைகளைப் பையில் அடுக்கினாள்.

"நீ வரலயாப்பா?" என்றாள் மகள்.

"சுவத்தச் சுரண்டணும்டா. காஞ்சதும் வந்து கூட்டிட்டு வரேன்."

"தொட்டுப் பாக்காம இருந்தா சீக்கிரம் காயும்ப்பா."

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். இருவரும் ஏறிய வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தபோது மணி மாலை ஆறு நாற்பத்தெட்டு.