துண்டுக்கடியில் ஒரு ஊசி

நான் பிள்ளை பெற்றதில்லை. ஆனால் பிரசவ வேதனையில் அலறியிருக்கிறேன். அதுவும் சும்மா அலறல் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற குதிரை வண்டிக்காரர் பற்றவைத்த பீடியைக் கீழே போட்டுவிட்டாராம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரம்மா நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். பெயர் ரோஸ்மேரி. அப்பா இஞ்ஞாசி, அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகர். அதனால் எனக்குப் பிரசவம் பார்க்கவும் தெரியும், துண்டுக்கடியில் ஆட்டுக்கு விலை பேசவும் தெரியும். இரண்டாவது வித்தை ஆஸ்பத்திரியில் உதவும் என்று யார் கண்டது?

ஒரு வியாழக்கிழமை, அகரத்திலிருந்து பொன்னழகு என்கிற பெண்ணை அவள் மாமியார் சிவனம்மாள் வண்டி கட்டிக் கூட்டிவந்தாள். பொன்னழகுக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிரசவம் வீட்டிலேயே நடந்து படாத பாடு பட்டிருக்கிறாள். கட்டிலில் படுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வலி தெரியாம இருக்க ஊசி இருக்காம்ல? எங்க தெரு தாஹிரா இங்கதேன் போட்டுக்கிட்டாளாம். எனக்கும் போடச் சொல்லுங்கக்கா. போன தடவ மாதிரின்னா நான் பொழைக்க மாட்டேன்."

ஊசி இருந்தது. பெத்தடின். வலியை முழுசாக எடுத்துவிடாது, ஆனால் அதன் கொட்டத்தை அடக்கிவிடும். அலமாரிச் சாவி டாக்டரம்மாவிடம். ஆனால் கேட்காமல் ஊசி போட்டதற்காக ஒரு குடும்பம் வந்து ரகளை செய்ததிலிருந்து, புருஷன் சரி என்று சொன்னால்தான் டாக்டரம்மா அலமாரியைத் திறப்பார். வலி பொன்னழகுக்கு, சம்மதம் அவள் புருஷனுக்கு. இந்த நியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றாள் சிவனம்மாள். "வலிச்சுப் பெத்தாத்தேன் பிள்ள மேல பாசம் ஒட்டும். நான் ஆறு பெத்தேன். ஊசியா போட்டேன்?"

அந்த ஆறில் மூத்தவர்தான் பொன்னழகின் புருஷன் சுருளிவேல். பாசம் எப்படி ஒட்டியிருந்தது என்றால், ஆத்தா முன்னால் அவருக்கு நாக்கே எழும்பாது. அவரும் ஆட்டுத் தரகர்தான். தகவல் தெரிந்து சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். தோளில் துண்டு, உடம்பெல்லாம் கிடா வாடை. உள்ளேயிருந்து பொன்னழகு அலறியதும் அவர் முகம் வெளுத்துப்போனது.

"அண்ணே, ஊசி போடலாமா?" என்று கேட்டேன்.

வாயைத் திறந்தார். ஆத்தாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"அவன் என்னத்தச் சொல்றது? அதேன் நான் வேணாங்குறேன்ல," என்றாள் சிவனம்மாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன். அப்போதுதான் அந்தத் துண்டு கண்ணில் பட்டது.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையையும் துண்டால் மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்துக் கேட்பது, உள்ளங்கையை அழுத்தினால் பேரம் முடிந்தது. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அழுத்தியது அழுத்தியதுதான். பிறகு மாற்றிப் பேசுகிறவனை ஒரு வெள்ளாட்டுக்குட்டிகூட மதிக்காது.

"அண்ணே, நான் அய்யலூர் இஞ்ஞாசி மக," என்று கையை நீட்டினேன். "துண்டப் போடுங்க."

ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு அவசரமாகத் துண்டை எடுத்து எங்கள் கைகள் மேல் போட்டார்.

"பீஸு பேசுறியா? விடாத, அடிச்சுப் பேசு," என்று சிவனம்மாள் மகனிடம் பெருமையாகச் சொன்னாள்.

துண்டுக்குள் அவருடைய ஒரு விரலைப் பிடித்தேன். ஒரு ஊசி. அவர் ஆத்தாவைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பொன்னழகு மறுபடி அலறினாள். என் உள்ளங்கையை அவர் அழுத்திய அழுத்தில் எலும்பு நொறுங்கியிருக்க வேண்டும்.

"டாக்டர், புருஷன் சரின்னுட்டார்," என்றேன் உள்ளே போய். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பொன்னழகின் முகம் தளர்ந்தது. வலி வரும்போது முனகுவாள், போனதும் கண்ணயர்ந்துவிடுவாள். எனக்கு ஒரே சந்தோஷம். வெளியே மாமியாருக்குக் காது இருப்பதைத்தான் மறந்துவிட்டேன்.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. "ஏத்தா, என்ன சத்தத்தையே காணோம்? ஊசி கீசி போட்டுட்டீகளா? தொறங்க கதவ!"

டாக்டரம்மா முகம் மாறியது. இன்னொரு ரகளை நடந்தால் இனிமேல் அந்த அலமாரி யாருக்கும் திறக்காது. பொன்னழகோ வீட்டில் ஆயுசுக்கும் இதைக் கேட்டுக்கொண்டே சோறு பொங்க வேண்டும். அவள் அரைக்கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா... எனக்குக் கத்த வரலக்கா. நீங்க கத்துங்க."

கத்தினேன். "ஐயோ! உசுரு போகுதே! மாதாவே! ஆரோக்கிய மாதாவே, காப்பாத்தும்மா!"

தட்டுவது நின்றது. டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். எனக்கும் துணிச்சல் வந்துவிட்டது. கேட்பதற்கு ஆள் இருக்கும்போது சும்மா இருப்பானேன் என்று இன்னும் இரண்டு மூன்று அலறல் போட்டேன்.

பெண் பிள்ளை பிறந்தது. அது யார் உதவியும் இல்லாமல் தன் சொந்தக் குரலில் அழுதது.

"முடிஞ்சிருச்சா? அம்புட்டுத்தானா?" என்று கேட்ட பொன்னழகு, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

சிவனம்மாள் உள்ளே வந்தாள். பின்னாலேயே சுருளிவேல். அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஏத்தா, நாங்க கும்புடுறது முத்தாலம்மன. என் மருமவ எப்ப மாதாவக் கும்புடுற வேதக்காரியானா?"

எனக்கு நாக்கு எழும்பவில்லை. சுருளிவேலின் கஷ்டம் அப்போதுதான் புரிந்தது. டாக்டரம்மா பிள்ளையின் கால் விரல்களை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஏலே, போயி ஒரு காப்பி வாங்கிட்டு வா," என்றாள் சிவனம்மாள் மகனிடம். விட்டால் போதும் என்று அவர் ஓடினார்.

பிறகு அவள் என்னிடம் நெருங்கி வந்தாள். கிள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்து என் கை மேல் போட்டாள். உள்ளே என் ஒரு விரலைப் பிடித்தாள். தரகர் பெண்டாட்டி, தரகரைப் பெற்றவள். அவளுக்கு இந்தப் பேச்சு தெரியாமலா இருக்கும்?

"எம்மக ராமுத்தாய் அடுத்த மாசம் தலப்பிரசவத்துக்கு வாரா," என்றாள் மெதுவாக. "எலும்பும் தோலுமா இருக்கா. தாங்க மாட்டா."

"பாசம் ஒட்டாதே, பெரியம்மா?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

முறைத்தாள். பிறகு முறைப்பு எங்கேயோ போய்விட்டது. "ஆறு பெத்தேன். ஒனக்கு என்னத்தா வேணும்னு ஒருத்தரும் என்னையக் கேக்கல," என்றாள்.   முந்தானைக்குள் அவள் உள்ளங்கையை இறுக்கி அழுத்தினேன்.

"மாப்ளகிட்ட நானே துண்டு போட்டுக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டாள். கதவு வரை போனவள் திரும்பினாள்.

"அன்னைக்கும் நீதேன் கத்தணும். சம்பந்தியம்மா வெளிய காத வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அவுக சித்தையன்கோட்டக்காரக, கும்புடுறது காளியாத்தாள. காளியாத்தான்னு கத்து. அன்னைக்காச்சும் சாமிய மாத்திராத."