பாவாடையின் நிறம்

பங்காரம்மாவின் பேத்தி ஷ்ரவ்யா பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு செய்த வேலையால்தான் அக்கா தங்கை இருவருக்கும் மறுபடி சண்டை மூண்டது. வீட்டிலிருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஏதோ ஒரு செயலியில் கொடுத்து, வண்ணம் பூசி, குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தாள். ஸ்டுடியோ நாற்காலியில் பதினேழு வயதுப் பங்காரம்மா. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பன்னிரண்டு வயது ராமாமணி. இருவருக்கும் ஒரே துணியில் பாவாடை, பொடிப்பொடியாக மூன்றிதழ்ப் பூக்கள் போட்டது. செயலி அதற்கு ரோஸ் நிறம் அடித்திருந்தது.

ராமாமணி உடனே அவிநாசியில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"பாத்தீங்களாக்கா கூத்த? ரோஸாம்!"

"ஆமா மணி. நீலத்தப் போயி ரோஸாக்கிப் போட்டாளே."

"நீலமா? பச்சைங்க்கா. கிளிப்பச்சை."

அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் சண்டை தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும். அன்றைக்கு இரண்டு மொழியிலும் முடியவில்லை. அம்மா இருந்தபோதே ஓடிக்கொண்டிருந்த வழக்கு இது. யார் பக்கமும் சாயாமல், "ரெண்டு பேரும் கிழிய கிழியக் கட்டினீங்க, இப்ப நெறத்துக்கு என்ன?" என்று அம்மா எழுந்து போய்விடுவாள்.

சிங்காநல்லூர்ப் பக்கம் மூடிக்கிடந்த மில் ஒன்றின் கிடங்கை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். அதன் மாடியில் ஒரு நூலகம். அந்த மில்லில்தான் அவர்களுடைய அப்பா துணி மடிக்கும் பிரிவில் வேலை பார்த்தார். ஒவ்வொரு வருடமும் மில் நெய்த, அச்சடித்த துணிகளில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிய ஆல்பங்கள் அங்கே இருப்பதாக ராமாமணி பேப்பரில் படித்திருந்தாள். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவள் அவள். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். நேரே போய் நூலகர் நிலோஃபரைப் பார்த்து அனுமதி வாங்கிவிட்டாள்.

"அக்கா, புதங்கெழம கெளம்பி வாங்க. தீர்ப்பு எழுதிரலாம்."

"வாரேன், வாரேன். தோத்தா அழுகக் கூடாது" என்றாள் பங்காரம்மா.

எழுபத்தைந்து வயதில் முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்தவளுக்கு நிலோஃபர் முதலில் ஒரு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு இருவரையும் கை கழுவித் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

"தொட்டுப் பாக்கலாமுங்களா?" ராமாமணிக்கு நம்பிக்கையில்லை.

"ஓரத்துல மெதுவாத் தொடுங்கம்மா. துணியத் தொடாம எப்படிங்க தெரியும்?" என்று சிரித்தாள் நிலோஃபர்.

படம் எடுத்த வருடத்தின் ஆல்பம் மட்டும் போதும் என்றுதான் வந்திருந்தார்கள். ஆனால் மேஜையில் அடுக்கிவைத்ததைப் பார்த்ததும் பங்காரம்மா, "மொதல்ல இருந்தே பாப்பமே" என்றாள்.

முதல் ஆல்பத்தில் எல்லாம் வேட்டித் துணி, காடாத் துணி. பழுப்பேறிப்போயிருந்தாலும் கஞ்சியின் மொரமொரப்பு இன்னும் விரலில் தட்டுப்பட்டது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து ஆல்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் காக்கி. பட்டாளத்துக்குப் போனது போக மிச்சம்தான் ஊருக்கு என்று நிலோஃபர் விளக்கினாள். அதற்கடுத்து வந்தது, தட்டுப்பாட்டில் சர்க்கார் அளந்து விற்ற கண்ட்ரோல் துணி. சல்லடை மாதிரி இழை விட்டிருந்தது. "கல்யாணத்துக்கே இதுதான் கெடச்சுதுன்னு அம்மா சொல்லுவாங்கல்ல?" என்றாள் பங்காரம்மா. நாடு விடுதலையடைந்த வருடத்தில் கரையில் மூவண்ணம் ஓடிய ஒரு சேலைத் துண்டு. அப்பா வேலைக்குச் சேர்ந்த வருடத்தின் பக்கங்களை ராமாமணி மிக மெதுவாகப் புரட்டினாள். இதில் ஏதோ ஒரு துணி அவர் கையால் மடிக்கப்பட்டிருக்கும். எது என்று யார் சொல்ல முடியும்?

பிறகு அச்சுத் துணிகள் வந்தன. புள்ளி, கட்டம், மாங்காய், சக்கரம். அறுபத்தேழாம் வருட ஆல்பத்தின் நடுவில், எந்த அறிவிப்பும் இல்லாமல், அந்த மூன்றிதழ்ப் பூ இருந்தது.

நீலம். இங்க் புட்டியைக் கவிழ்த்தது போன்ற ஆழ்ந்த நீலம்.

பங்காரம்மா வெற்றிக் கூச்சல் எதுவும் போடவில்லை. ஆள்காட்டி விரலால் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "இந்தப் பாவாடைய நான் அவிநாசிக்கு எடுத்துட்டுப் போனேன் மணி. சேலை கட்டுன பொறகு அத எங்க கட்டறது? பிரிச்சு ரெண்டு தலகாணி உறை தச்சேன். மொதப் பையன் அதுலதான் தூங்குனான்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொன்னா நீ நம்புவியாக்கும்."

ராமாமணிக்குத் தோற்றது பெரிதாகப் படவில்லை. ஆனால் குழப்பமாக இருந்தது. கண்ணை மூடினால் அவள் மடியில் விரிவது பச்சைதான். அதே பூ, அதே மடிப்பு, கிளிப்பச்சை. எழுபது வயதில் புத்தி பிசகிவிட்டதா?

நிலோஃபர்தான், "சில டிசைன் நல்லா வித்துச்சுன்னா வேற கலர்ல திரும்பப் போடுவாங்கம்மா. அடுத்த வருஷத்தப் பாருங்களேன்" என்று அறுபத்தெட்டை எடுத்துத் திறந்து வைத்தாள்.

நான்காவது பக்கத்திலேயே இருந்தது. அதே பூ. கிளிப்பச்சை.

ராமாமணியின் கை மேஜையிலேயே நின்றுவிட்டது. அறுபத்தெட்டு வைகாசியில்தான் அக்காவுக்குக் கல்யாணம். ஐப்பசியில் தலைதீபாவளி. அக்காவுக்குப் பட்டும் மாமாவுக்கு வேட்டியும் எடுத்துவைத்துவிட்டு, தனக்கு மட்டும் அப்பா மில் கடையில் இந்தப் பச்சையை வாங்கி வந்தார்.

"அந்தத் தீபாவளிக்குத்தான் நீங்க வரலீங்க்கா" என்றாள்.

பங்காரம்மா நிமிர்ந்தாள். "எப்படி வர்றது? மாமனார் போயிட்டாரே. தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி."

"அது எங்களுக்குச் சாயங்காலந்தானுங்க தெரிஞ்சுது. நான் காலைல எண்ணெ தேச்சுக் குளிச்சு, இந்தப் பாவாடையக் கட்டிட்டு பஸ் நிறுத்தத்துல போயி நின்னேன். வர்ற பஸ்ஸெல்லாம் பாத்தேன். அம்மா வந்து கூப்பிட்டாங்க, போகலை. அப்புறம் அப்பா வந்து, ஒண்ணும் பேசாம, தூக்கிட்டே வந்துட்டார். பதிமூணு வயசுப் புள்ளைய."

சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே அது முழுதாக நினைவுக்கு வந்தது. இத்தனை வருடங்களாக அந்தப் பச்சையை அவள் படத்துக்குள் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் அக்காவையும் உட்காரவைத்திருக்கிறாள்.

நிலோஃபர் ஏதோ வேலை இருப்பதுபோல அலமாரிப் பக்கம் நகர்ந்தாள்.

"அன்னிக்கு அந்த ஊட்டுல வெளக்குக்கூடப் பெருசா எரியலை" என்றாள் பங்காரம்மா. "தெருவெல்லாம் பட்டாசு. புது எடம், அழுதா மாமனாருக்கு அழுகறேன்னு நெனச்சாங்க. நல்ல மருமகள்னு பேர்கூட வாங்கிட்டேன். நான் அழுதது உனக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டவள், தங்கையின் பின்னந்தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். "இத இத்தன வருஷம் பச்சை, பச்சைன்னே சொல்லிட்டிருந்தியே, மக்கு."

ராமாமணி அழுதுகொண்டே சிரித்தாள்.

மூன்று மணிக்குக் கிளம்புவதாகத்தான் பங்காரம்மா மகனிடம் சொல்லி வந்திருந்தாள். போனை எடுத்து, "கண்ணு, இன்னிக்குச் சித்தி ஊட்டுலயே தங்கிக்கறேன். நாளைக்குச் சாப்பிட்டுப்போட்டு வாரேன்" என்றாள். மறுமுனையில் மாத்திரை பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும். "அதெல்லாம் இவகிட்ட இருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

"இன்னும் ஆல்பம் இருக்குதுங்களா அம்மணி?" என்று நிலோஃபரைக் கேட்டாள்.

இருந்தன. எழுபதுகளுக்குள் நுழைந்ததும் துணிகள் வழவழப்பாகிவிட்டன. பாலியஸ்டர் கலந்த சட்டைத் துணிகள். உள்ளங்கை அகலத்துக்கு இலைகள், குதிரைகள். ஒரு பக்கத்தில் ஆரஞ்சுப் பின்னணியில் பழுப்புக் குதிரைகள் துள்ளிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் பங்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க மாமா!" என்றாள். "இந்தச் சட்டையப் போட்டுட்டுத்தான் தேர் பாக்க வந்தார். நான் பத்தடி தள்ளியே நடந்தேன்."

"அவரு ஏன் தள்ளி வர்றேன்னு கேக்கலீங்களா?"

"கேட்டார். கூட்டம்னேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில், ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நிலோஃபர் உதட்டில் விரலை வைத்தாள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.